பழைய ஐச்சர்: எழுப்புவதா, பிரிப்பதா, விற்பதா?

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து ஒரு நாள் ஆகியிருந்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டதில், தென்பெண்ணை கரை வழிந்து மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கொல்லைக்குள் வந்துவிட்டது. மாடியிலிருந்து பார்த்தால் கொட்டகைக்குள் நின்ற டிராக்டரின் ஸ்டீயரிங்கும் புகைக்குழாய் முனையும் மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

பெரியப்பா எண்பதுகளில் வாங்கிய ஐச்சர் அது. 24 குதிரைத்திறன். ஒன்றரை லிட்டருக்கு மேல் கொள்ளளவு, அத்தனையும் ஒரே சிலிண்டரில். காற்றிலேயே குளிரும் என்ஜின், ரேடியேட்டர் என்ற பேச்சே கிடையாது. தெருமுனையில் திரும்பும்போதே ‘தொம், தொம்’ என்று சத்தம் வரும். பெரியம்மா உலை வைத்துவிடுவார். பெரியப்பா போன பிறகு ஆறேழு வருடமாக யாரும் அதை ஓட்டவில்லை. ‘தானே’ புயலில் கொட்டகைக் கூரையே பறந்தபோதும் ஒன்றும் ஆகாமல் நின்ற வண்டி, இப்போது மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில்.

தண்ணீர் வடிந்த வாரமே ஆளுக்கொரு யோசனை வந்தது. “காயலான் கடைக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுடு மாப்ளே” என்றார் மாமா. “கயிறு கட்டி இழுத்தா ஸ்டார்ட் ஆயிடும்ணா” என்றான் தம்பி. தெரிந்த டிராக்டர் பட்டறை மேஸ்திரி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “மொத்தமாப் பிரிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆக்கிடலாம்” என்றார். பண்ருட்டியில் முந்திரி வைத்திருக்கும் நண்பன், “இதுக்குச் செலவு பண்ற காசுல ஒரு மினி டிராக்டர் எடு” என்றான்.

ஒரு மாதம் குழம்பிய பிறகுதான் விளங்கியது: இவர்கள் எல்லாரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இந்த வருடம் நிலத்தை யார் உழுவது என்பது ஒரு கேள்வி. இந்த இயந்திரத்தை என்ன செய்வது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டால் ஆடிப் பட்டத்துக்குள் வண்டி ஓடியாக வேண்டும் என்ற அவசரம் வரும். பழைய டிராக்டர்கள் துருவில் செத்ததைவிட அந்த அவசரத்தில் செத்ததுதான் அதிகம் என்பது என் எண்ணம். அதனால் முதலில் உழவு.

எங்களுக்கு ஆற்றுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரும்பு, காடாம்புலியூர் பக்கம் செம்மண்ணில் இரண்டரை ஏக்கர் முந்திரி. கரும்பு நடும் வருடத்தில்தான் நல்ல உழவு வேண்டும். அடுத்து வருவது வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும் கட்டைக் கரும்பு, பெரிதாக உழவே இல்லை. முந்திரிக்குக் களை அடங்க வருடத்துக்கு இரண்டு ஓட்டு, கொட்டை பொறுக்கும்போது தரை சுத்தமாக இருந்தால் போதும். எல்லாம் கூட்டினால் ஒரு வருடத்தில் டிராக்டர் ஓடும் நேரம் இரண்டு கைவிரல்களில் எண்ணும் நாட்களுக்குள் அடங்கிவிடும். இதற்கு வாடகை வண்டியே போதும். ஊரிலேயே மணிக்கணக்கில் ஓட்ட ஆள் இருக்கிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலியில் இ-வாடகை வழியாகப் பதிவு செய்தும் எடுக்கலாம். ஆனால் மழை விட்ட மறுநாள் எல்லாருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும், அப்போது வரிசைதான்.

மினி டிராக்டரைத் தள்ளிவிட முடியாது. மிட்சுபிஷி சக்தி எம்.டி.180டி 18.5 குதிரைத்திறன், மஹிந்திரா ஜீவோ 245 அதைவிடக் கொஞ்சம் மேலே, 24. உடம்பு குறுகல் என்பதால் வாழை, கரும்பு இடைவெளியில் நுழைந்து களையடிக்கும். முந்திரித் தோப்பில் இன்னொரு வசதி: கிளைகள் தரையைத் தொடும் அளவு தாழ்ந்திருக்கும், பெரிய டிராக்டரில் உட்கார்ந்து ஓட்டுபவர் பாதி நேரம் குனிந்தேதான் இருக்க வேண்டும். எட்டுப் பத்து ஏக்கர் தோட்டம், வாரம் ஒரு நாளாவது வேலை என்றால் நண்பன் சொன்னதே சரி, பழைய வண்டியை மறந்துவிட்டு மினி டிராக்டர் எடுங்கள். நாலு ஏக்கருக்கு அது வாசலில் நிற்கும் கடன். நான் உழவை வாடகை வண்டிக்கு விட்டேன். அன்றோடு ஐச்சருக்கு அவசரம் போய்விட்டது. இனி அது எப்போது ஓடினாலும் லாபம்தான்.

எடைக்குப் போடுவதைப் பற்றி இரண்டு வரி. ஒன்றரை டன்னுக்கு மேல் இரும்பு, காசு கையில் வரும். ஆனால் ஆர்.சி.யை ரத்து செய்யாமல் போடாதீர்கள். உங்கள் பேரில் இருக்கும் சேஸிஸ் எண் வேறு எங்காவது உயிரோடு ஓடினால் வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும். அதோடு, எடைக்குப் போடுவது மட்டும்தான் பிறகு மாற்ற முடியாத முடிவு. மற்ற எதையும் பாதியில் நிறுத்திவிட்டு எடைக்குப் போடலாம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் அது கடைசியில்.

வேறு என்ஜினைப் பொருத்துவது என்று ஒரு வழி இருக்கிறது. பம்புசெட் என்ஜினைத் தூக்கி வைத்து ஓட்டுகிறார்கள், பார்த்திருக்கிறேன். கிளட்ச் ஷாஃப்டுக்கும் என்ஜினுக்கும் நேர்கோடு ஒரு மயிரிழை தவறினால் கிளட்ச் தட்டும் கியர்பாக்ஸ் பேரிங்கும் மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி என்ஜின் மாற்றத்துக்கு முன் அனுமதியும் வேண்டும், ஆர்.சி.யில் என்ஜின் எண்ணையும் மாற்ற வேண்டும். பழைய என்ஜினின் உடம்பே வெடித்திருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

ஆக மிஞ்சுவது இரண்டு. தேவையானதை மட்டும் தொட்டு என்ஜினை எழுப்பி ஓட வைப்பது ஒன்று. கடைசி நட்டு வரை பிரித்துப் புதிதாகக் கட்டுவது மற்றது. அமெரிக்காவில் புல்வெளிக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் என்றே செய்த குட்டி டிராக்டர்கள் உண்டு. ஜான் டீர் 110 என்று 1963இல் வந்த வண்டியை இன்றைக்கும் வீட்டு கேரேஜில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயும் சண்டை இதேதான்: தொழிற்சாலை வாசலில் நின்ற கோலத்துக்குக் கொண்டுபோவதா, உழைத்த கோலத்திலேயே விடுவதா. அவர்கள் வண்டி முந்நூறு நானூறு கிலோ, சங்கிலிக் கப்பியில் தூக்கிவிடலாம். நம் வண்டி அப்படியில்லை, இரண்டாகப் பிரிப்பதே ஒரு நாள் வேலை. அதனால் இங்கே கேள்விக்குக் கொஞ்சம் கனம் கூடுதல்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன் எல்லாருக்கும் பொதுவாகச் சில காரியங்கள் உண்டு. தண்ணீரில் நின்ற வண்டி என்றால் முதல் விதி: சுற்றாதே. தம்பி சொன்னபடி கயிறு கட்டி இழுத்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றாலும், பிஸ்டன் மேலே வரும்போது வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான்.

அடியில் படுத்து ஆயில் டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தினேன். முழுதாகக் கழற்றாமல் கால் சுற்று மட்டும். எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும் அல்லவா? முதலில் சொட்டியது தெளிந்த ஆற்றுத் தண்ணீர். ஒரு வாளி நிறைய வந்தது. அப்புறம் பால் விட்ட டீ நிறத்தில் ஒரு கூழ். அதற்கும் பிறகுதான் கறுப்பு எண்ணெய் எட்டிப் பார்த்தது. கியர்பாக்ஸிலும் இதே வரிசை. பக்கத்தில் நின்ற பெரியம்மா வாளியைப் பார்த்துவிட்டு, “இதைக் கொல்லையில ஊத்தாதேடா, தென்னை பட்டுப்போகும்” என்றார். அந்த வாளி இரண்டு மாதம் கொட்டகை மூலையிலேயே இருந்தது.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிய பிறகு விரல் நகத்தை சிலிண்டர் சுவரில் கீழிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பிஸ்டன் ரிங் ஏறி இறங்கும் எல்லைக்கு மேலே தேயாத ஒரு வளையம் இருக்கும். நகம் அதில் தட்டாமல் வழுக்கினால் தேய்மானம் குறைவு. ‘டக்’ என்று மாட்டினால் பணம் எடுத்து வையுங்கள். எங்களுடையதில் நகம் நன்றாகவே மாட்டியது. நகத்தை மட்டும் நம்பாமல் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், நெடுக்கிலும் குறுக்கிலும் அளக்க வேண்டும். பிஸ்டன் சுவரைப் பக்கவாட்டில்தான் அழுத்தும் என்பதால் சிலிண்டர் வட்டமாகத் தேயாது, முட்டை வடிவத்தில் தேயும். இந்த ஆறு அளவும் கையில் இருந்தால் பாதி முடிவு வந்துவிட்டது. அளக்காமலே ‘மொத்தமாப் பிரிச்சிடலாம்’ என்று சொல்பவர் நல்ல மேஸ்திரியாக இருக்கலாம், நல்ல யோசனை சொல்பவர் இல்லை.

பாகம் கிடைக்குமா என்பதும் இப்போதே பார்க்க வேண்டியது. ஐச்சரின் டிராக்டர் தொழிலை 2005இல் சென்னையின் டஃபே வாங்கிக்கொண்டது. பெயரும் ஓடுகிறது, ஒற்றை சிலிண்டர் என்ஜினுக்கு கேஸ்கட்டிலிருந்து பிஸ்டன் வரை கடையில் கேட்டால் கிடைக்கிறது. எச்.எம்.டி. டிராக்டர் வைத்திருப்பவர் நிலை வேறு. 2016இல் பிஞ்சூர் டிராக்டர் ஆலையையே மூட முடிவெடுத்துவிட்டார்கள், வெளிக் கம்பெனிப் பாகங்களைத்தான் தேட வேண்டும். முழுதாகப் பிரிக்க நினைப்பவர், பிரித்த பிறகு பாகம் தேடாமல், தேடிவிட்டுப் பிரிக்கட்டும்.

எழுப்பி ஓட்டும் வழியில் என்ஜின் வண்டியிலேயே இருக்கும். ஹெட்டைக் கழற்றி வால்வு அரைத்து, பிஸ்டன் ஓடும் உருளையான பேரலைத் தூக்கி ரிங் பார்த்து, டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் அதற்கு அழுத்தம் தரும் பம்பையும் கடையில் கொடுத்து, எண்ணெய்களை மாற்றி மூடுவது. காற்றில் குளிரும் என்ஜினின் பெரிய வரம் இங்கே தெரியும்: பேரல் தனி, அடிப்பெட்டி தனி. நாலு நட்டைக் கழற்றினால் பேரல் மேலே வந்துவிடும், டிராக்டரைப் பிரிக்கவே வேண்டாம். தண்ணீர் ஓடும் என்ஜினாக இருந்தால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் என்று இன்னொரு பட்டியல் சேரும். வீட்டில் வைத்து முதல் முறையாகக் கைவைக்கிறவருக்கு இதைவிட நல்ல என்ஜின் எனக்குத் தெரிந்து இல்லை.

வரம் என்றால் ஒரு சாபமும் வரும். பேரலைச் சுற்றியுள்ள இறக்கைகளுக்கு நடுவே சேறு புகுந்து காய்ந்திருந்தது, சுட்ட செங்கல் மாதிரி. அதை விட்டுவிட்டு ஓட்டினால் காற்று போக வழியில்லாமல் அரை மணி நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கம்பி வைத்துக் குத்தினால் வார்ப்பிரும்பு இறக்கை நுனி உடையும். மூங்கில் சீவல்தான் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஒவ்வொரு இடுக்காக. காது குடைவது போலத்தான்.

பம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுப்புவதா பிரிப்பதா என்ற எந்த வழியிலும் இந்தச் செலவு தப்பாது. பட்டறையில் இன்னமும் ‘மைக்கோ பம்ப்’ என்றுதான் பேர். பாஷ் 1951இல் பெங்களூரில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்று தொடங்கியது, அதன் சுருக்கம் மைக்கோ. கம்பெனி பேரை மாற்றி வருடக்கணக்காகிவிட்டது, பட்டறை மாற்றவில்லை. அந்தப் பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். ஒரு துளித் தண்ணீர் உட்கார்ந்து துரு பூத்தால் போதும், கதை முடிந்தது. இதை வீட்டில் திறக்காதீர்கள். பம்பைச் சோதித்து அளவு சரிசெய்யும் காலிபரேஷன் பெஞ்ச் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். நாசில் பீய்ச்சும்போது கையை முன்னால் நீட்டவும் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க முள் குத்தியது மாதிரிதான் இருக்கும், விரல் போய்விடும்.

முழுதாகப் பிரிப்பது என்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிளக்க வேண்டும். என்ஜின் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம். வீட்டில் செய்ய முடியாதது இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரியாமல் தொடக்கூடாது. முன் அச்சு நடுவில் ஒரே ஆணியில் ஊஞ்சல் போல ஆடும் அமைப்பு. பின்பாதியோடு சேர்ந்திருக்கும் வரைதான் என்ஜின் நிமிர்ந்து நிற்கும். பிரித்த நொடியில் பக்கவாட்டில் சாயும். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடித்த பிறகே முதல் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். ஜாக்கை நம்பி அடியில் போகக் கூடாது. ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்குப் பலாக்கட்டை. பண்ருட்டிக்காரர்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை.

பிரித்தால் என்ன கிடைக்கும்? கிராங்க், கிளட்ச், கியர் பேரிங், எல்லா ஆயில் சீல், ஹைட்ராலிக் வளையங்கள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடலாம். அடுத்த இருபது வருடத்துக்குப் பயமில்லை. என்ன போகும்? காலம் போகும். அதைவிட, பிரித்த பாகங்கள் சாக்கிலும் பெயிண்ட் டப்பாவிலும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் ஒரு கல்யாணமோ சாவோ வரும். வேலை நிற்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் எந்த வாஷர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஊருக்கு ஊர் கொட்டகையில் பாதி பிரித்த டிராக்டர் ஒன்றாவது இருக்கும், பாருங்கள். அவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. வேலையை ஓடும் நிலையில் நிறுத்தி வைக்க வழியில்லாத முறையைத் தேர்ந்தெடுத்ததுதான் தவறு.

எனக்கு இந்த இடம்தான் முடிவைத் தந்தது. எழுப்பும் வழியில் எந்த வாரம் நிறுத்தினாலும் வண்டி வண்டியாகவே இருக்கும். பிரிக்கும் வழியில் கடைசி நாள் வரை அது வெறும் உதிரி. ஞாயிறு மட்டும் கையில் இருப்பவர், கூட உதவ ஒரே ஒரு தம்பி உள்ளவர், மழைக்கு ஒழுகும் கொட்டகைக்காரர், இந்த மூன்றில் எது நீங்களானாலும் முழுப் பிரிப்பு வேண்டாம். கூரை இறுகிய இடம், சங்கிலிக் கப்பி, எழுதி எழுதிப் பையில் போடும் பொறுமை, இவை மூன்றும் இருந்தால் தாராளமாகப் பிரியுங்கள். கியர்பாக்ஸ் ஊளையிடுகிறது, கிளட்ச் விடவே மாட்டேன் என்கிறது, பின்பக்கம் எண்ணெயில் குளிக்கிறது என்றால் பிரிப்பதைத் தவிர வழியும் இல்லை.

எங்கள் கியர்பாக்ஸைத் திறக்கவில்லை. தண்ணீரை வடித்து, டீசல் ஊற்றி, சக்கரத்தைக் கையால் உருட்டி, வடித்து, மறுபடி அதையே செய்து, மலிவான எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு நல்ல எண்ணெய் ஊற்றினேன். மூன்றாம் கியரில் லேசாக ஒரு முனகல் இருக்கிறது. பேரிங் ஒன்றில் துருப் புள்ளி விழுந்திருக்க வேண்டும். வருடத்துக்குப் பத்து நாள் ஓடும் வண்டிக்கு அந்த முனகல் இருந்துவிட்டுப் போகட்டும். தினமும் டிரெய்லர் இழுக்கும் வண்டியானால் இதே பதில் சொல்ல மாட்டேன்.

பேரலில்தான் அடி வாங்கினேன். தேய்மானம் பார்த்து பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), அதாவது கால் மில்லிமீட்டர், பெரிதாக்கினால் சரியாகும் என்ற அளவுதான் வந்தது. பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் பேரலை மட்டும் கொடுத்துவிட்டு, பிஸ்டன் அடுத்த வாரம் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் வழக்கமான கணக்குக்குக் கடைந்து வைத்துவிட்டார். பிஸ்டன் வந்து இறக்கிப் பார்த்தால் கைக்குள் கூழாங்கல் மாதிரி ஆடுகிறது. தவறு என்னுடையதும்தான். பிஸ்டனைக் கொடுத்து, அதன் பாவாடைப் பகுதியை அளந்து, அதற்குத் தகுந்த இடைவெளி விட்டுக் கடையச் சொல்ல வேண்டும். ஒரே அளவு என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பிறகு புதுச்சேரியில் ஒரு லேத்துக்காரரிடம் போனேன். அவர் பேரலைத் தொடும் முன்பே “பிஸ்டன் எங்கே?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். இருபது தௌ பிஸ்டன் வாங்கி மறுபடி கடைந்தோம். இனி அந்தப் பேரலுக்கு மிச்சம் இருக்கும் வாழ்வில் ஒரு படி குறைந்துவிட்டது.

(புதுச்சேரிக்குப் போனபடியால் கேனில் டீசலும் பிடித்துக்கொண்டோம். வரி வித்தியாசத்தில் லிட்டருக்குக் கொஞ்சம் மிச்சமாகும், கடலூர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஞாயிறு காந்தி வீதிச் சந்தையில் பழைய ரிங் ஸ்பேனர் செட் ஒன்றும் கிடைத்தது, புதியதைவிட இரும்பு நன்றாக இருக்கிறது.)

துருப்பிடித்த சின்னப் பாகங்களுக்கு நான் பரிந்துரைப்பது பிளாஸ்டிக் பீப்பாயும் வாஷிங் சோடாவும். நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸ் துருப்பிடித்த பாகத்தில், பிளஸ் ஒரு பழைய இரும்புத் துண்டில். இரண்டும் அந்தத் தண்ணீருக்குள், ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு ராத்திரியில் துரு கறுப்புச் சேறாக உதிரும், நல்ல இரும்பு தேயாது. பிளஸ்ஸில் எவர்சில்வர் தட்டை மாட்டாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. ஸ்பிரிங்கையும் உறுதியான ஹெட் போல்ட்டுகளையும் இதில் போடக் கூடாது, உள்ளே ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

பெயிண்ட் விஷயத்தில் வீட்டில் இரண்டு கட்சி. தம்பி முழுக்கச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்துப் புது எனாமல் அடிக்க வேண்டும் என்றான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. கடல் இங்கிருந்து எட்டும் தூரம், உப்புக் காற்றில் வெறும் இரும்பு ஒரு ஐப்பசியைத் தாங்காது. ஆனால் பானெட்டின் இரண்டு பக்கமும் ‘அங்காளம்மன் துணை’ என்று பெரியப்பா ஆள் வைத்து எழுதியது இருக்கிறது. ‘ங்’கின் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும், அதற்காக எழுதியவருக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டார் என்று பெரியம்மா இன்றும் சொல்வார். சுரண்டினால் அது போகும். திரும்ப எழுதலாம், ஆனால் புள்ளி சரியான இடத்தில் விழுந்துவிடும். அதனால் வெறும் இரும்பு தெரியும் சக்கர டிஸ்க், மட்கார்டு அடிப்பக்கம், ஹைட்ராலிக் கைகள் இவற்றுக்கு மட்டும் பிரைமரும் பெயிண்ட்டும். பானெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதிக்க வைத்த ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தேய்த்துவிட்டேன். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட வேண்டும். பழைய சாயத்தைச் சுரண்டுகிறவர்கள் ஈரம் வைத்துத் தேயுங்கள், அந்தக் காலப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம்.

செலவு எங்கே போகிறது என்று பார்த்தால் என்ஜினில் இல்லை, டயரில். பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஜோடி பின் டயர் விலைக்குப் பக்கத்தில் வராது. எழுப்பினாலும் பிரித்தாலும் டயர் செலவு ஒன்றுதான் என்பதால் ஒப்பிடும்போது அதைத் தனியாக எடுத்து வையுங்கள். இல்லையென்றால் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றி, “இவ்வளவு செலவு பண்றோம், மொத்தமாவே பிரிச்சிடுவோமே” என்று மனசு சறுக்கும். ஆர்.சி. விஷயமும் அப்படித்தான். முதல் 15 வருடத்துக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பெரியப்பா பேரிலிருந்து மாற்றாமல் அதுவும் நடக்காது. வாரிசுக் காகிதம் எடுக்க ஆன நாட்களில் வால்வு இரண்டையும் அரைத்து முடித்துவிட்டேன்.

முதல் ஸ்டார்ட் போன தை மாதக் கடைசியில். காற்று வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகையை வெட்டித் தம்பி கையில் கொடுத்திருந்தேன். கழற்றி மாட்டிய பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் கம்பி சிக்கிக்கொண்டால் டீசல் என்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போகும். சாவி எதுவும் அதை நிறுத்தாது, காற்றை அடைத்தால் நிற்கும். நாசில் பைப்பைத் தளர்த்திக் குமிழி வராத வரை ஏர் எடுத்தோம். நாலாவது சுற்றில் வெள்ளைப் புகை, பிறகு ஒரு தொம், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தொம். தம்பி பலகையைப் பிடித்தபடியே நின்றான், தேவைப்படவில்லை. பெரியம்மா உள்ளேயிருந்து வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஐந்து கலப்பை போட்டு முந்திரிக்குள் ஓட்டுகிறேன். ஹைட்ராலிக் கலப்பையைத் தூக்கும், ஆனால் என்ஜினை நிறுத்திய கால் மணி நேரத்தில் மெல்ல இறக்கிவிடும். உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. அதற்கு மேல்மூடியை மட்டும் கழற்றினால் போதும், வண்டியைப் பிளக்க வேண்டாம். கரும்பு வெட்டு முடியட்டும் என்று விட்டிருக்கிறேன். அதுவரை நிறுத்தும்போது கலப்பைக்கு அடியில் ஒரு கட்டை.